ஆச்சியின் நோட்டு: நெல்லைச் சீமையில் நான்கு நாள்

ஜூலை 12, சனி. சிந்துபூந்துறை

காலையில் நெல்லை சந்திப்பில் இறங்கியதும் முகத்தில் அடித்தது காற்று. ஆனி மாதக் கடைசி. மேற்கே பாபநாசம், குற்றாலம் பக்கம் சாரல் விழுந்துகொண்டிருக்கும். இங்கே ஒரு சொட்டு விழாது, காற்று மட்டும் வரும். ஸ்டேஷன் வாசலில் ஒரு அண்ணாச்சியின் குடை அப்படியே மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பையன் ஓடிப் போய்ப் பிடித்து, கம்பிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சரி செய்து, ஒன்றும் பேசாமல் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆச்சி போய் ஒரு வருஷம். நாளைக்குத் திதி. அம்மாவுக்கு முட்டுவலி, ரயில் ஏற முடியாது. அதனால் சென்னையிலிருந்து நான் மட்டும் வந்திருக்கிறேன். சித்தி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன். வழியில் கருப்பட்டிக் காப்பி குடித்தேன், இருபது ரூபாய். நாக்கில் கடைசி வரை அந்தக் கருகல் வாசம் நின்றது.

சித்தி வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குமேல் ஒரு பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின் கோடு. இரண்டு முறை வெள்ளை அடித்தும் போகவில்லையாம். அன்றைக்கு ராத்திரி ஆறு வீட்டுக்குள் வந்தபோது ஆச்சிக்கு வயது எண்பத்தேழு. பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ட்ரங்குப் பெட்டி, பட்டுச்சேலை, தாத்தாவின் படம் எல்லாம் தண்ணீரில் போயிற்று. ஆச்சி மடியில் ஒரு மஞ்சப்பை மட்டும் இருந்திருக்கிறது. "உள்ளே பென்ஷன் புக்குன்னு நினைச்சேன். பார்த்தா நோட்டு" என்றார் சித்தி.

அந்த நோட்டை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கோடு போட்ட நீளமான கணக்கு நோட்டு, முதுகில் காடாத்துணி ஒட்டித் தைத்திருக்கிறது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'தேடிப் போன பிள்ளைகள்'. ஆச்சி பள்ளிக்கூட டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீட்டுக்குப் போன கணக்கு இது. உள்ளே பெயர், வீட்டு அடையாளம் ("வேப்பமரத்து வீட்டுக்குக் கீழ்புறம்"), அப்புறம் வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். ஒரு முறை வீட்டுக்குப் போனால் ஒரு கோடு. நாலு கோடு போட்டு ஐந்தாவதை அதன்மேல் குறுக்கே இழுத்திருக்கிறார். வரிசையின் கடைசியில் முடிவு. 'வ' என்றால் வந்தாள், வந்தான். 'பம்பாய்' என்று சிலருக்கு. 'க' என்று சில பெண்பிள்ளைகளுக்கு. கல்யாணம் என்று சித்தி சொன்னார். அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிட்டேன்.

ஒரு பெயருக்கு மட்டும் பத்தொன்பது கோடு. நோட்டில் அவ்வளவு கோடு வேறு யாருக்கும் இல்லை. கடைசியில் 'வ' கிடையாது, 'க' கிடையாது. '5 எ.' என்று மட்டும் இருக்கிறது.

அது என்ன என்று சித்திக்கும் தெரியவில்லை. ஐந்தாவது வகுப்பாக இருக்கலாம் என்றார். வராத பிள்ளைக்கு எப்படி ஐந்தாவது வகுப்பு?

கடைசி இரண்டு மாதம் ஆச்சிக்கு ஆளே தெரியவில்லை. சேலை முந்தியின் நுனியைச் சுருட்டுவதும், அதில் ஒரு நூலைச் சுற்றி முடிவதும், பிரித்துவிட்டு மறுபடி சுருட்டுவதுமாகவே இருந்தாராம். "பூக் கட்டுற ஞாபகம் போலிருக்கு, கட்டட்டும்னு விட்டுட்டோம்" என்றார் சித்தி.

ஜூலை 13, ஞாயிறு. குறுக்குத்துறை

விடிவதற்குள் ஆற்றங்கரை. மாமாதான் திதி கொடுத்தார். தாமிரபரணியில் தண்ணீர் தெளிந்து, படித்துறையின் கடைசிப் படிக்குக் கீழே மீன் ஓடுவது தெரிந்தது. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வந்தால் கோயிலே முங்கிவிடும். உற்சவரை முன்கூட்டியே கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார்கள். சின்ன வயதில் ஆச்சி இதை எனக்குச் சொன்ன விதம் வேறு. "சாமி லீவு போட்டுருக்காரு. தண்ணி வடிஞ்சதும் வந்து கையெழுத்துப் போடுவாரு."

படியில் பாசி. என் செருப்பு வார் அறுந்து, ஒன்று ஆற்றோடு போயிற்று. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தார். வார் அறுந்த செருப்பு என்று தெரிந்தும் எடுத்து வந்தார். ஊக்கு ஒன்றைத் தன் வளையலிலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

மத்தியானம் இலைச் சாப்பாடு. சித்தியின் எள்ளுருண்டை, உளுந்த வடை, பாயசம். சொதியைத் திதி அன்றைக்கு வைக்க மாட்டார்கள், அது மறுவீட்டு விருந்துச் சமையல். செவ்வாய்க்கிழமை போகும்போது கட்டித் தருகிறேன் என்றிருக்கிறார்.

சாயங்காலம் பாளையங்கோட்டைக்குப் போனேன். சுலோசன முதலியார் பாலத்தில் பஸ் ஏறியதும் ஆச்சி எப்போதும் அந்தக் கதையைத் தொடங்குவார். 1843இல் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார் ஒரு மனுஷன், அவர் மனைவி நகையைக் கழற்றிக் கொடுத்தாள் என்று. பாலம் முடிவதற்குள் கதையும் முடிந்துவிடும். எங்கே நிறுத்தி எங்கே மூச்சு விடுவார் என்பது வரை எனக்கு மனப்பாடம்.

ஆச்சி எட்டாவது முடித்துவிட்டு ஹையர் கிரேடு டீச்சர் ட்ரெயினிங் எடுத்தது பாளையங்கோட்டையில். 1956இல் வேலைக்குச் சேர்ந்தார். முக்கூடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர், அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி. ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம். அதே 1956இல்தான் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது எட்டயபுரமும் திருநெல்வேலி ஜில்லா. 'சோறு வந்த வருஷம் நான் வந்தேன்' என்று ஆச்சி பெருமையாகச் சொல்வார். ஆனால் சோறு போட்டும் வராத பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பக்கம் முழுக்கப் பீடி சுற்றும் ஊர்கள். ஏழு வயதுப் பெண்பிள்ளை மடியில் சொளவை (முறத்தை) வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு நாலு காசு. பள்ளிக்கூடத்தில் கிடைப்பது அவளுக்கு மட்டும் ஒரு வேளைச் சோறு. தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? ஆச்சி எந்தத் தாயையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஆச்சி ட்ரெயினிங் எடுத்த வளாகத்தின் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை, கேட்டுப் பூட்டியிருந்தது.

ஜூலை 14, திங்கள். முக்கூடல் பக்கம்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. கை வலிக்கிறது, இருந்தாலும் தூங்கும் முன் எழுதிவிடுகிறேன்.

காலையில் முதல் பஸ்ஸை விட்டேன். புதுப் பஸ்களில் ஊர்ப் பெயர் விளக்கு எழுத்தாக ஓடிக்கொண்டே இருக்கிறது. வால்பகுதி வந்தபோது பார்க்கத் தொடங்கி, தலைப்பகுதி திரும்ப வருவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அடுத்ததற்கு நாற்பது நிமிஷம். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கையில் வைத்து, "பத்திரமா வச்சுக்கிடுங்க" என்றார்.

பேட்டை தாண்டியதும் ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் பனை. முக்கூடலில் இறங்கி இன்னொரு பஸ். ஊர் பெயரை எழுத வேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டதால் விடுகிறேன்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. யார் வீட்டுக்கு என்று கேட்டார் கடைக்காரர். சொன்னேன். பால்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார். "டீச்சர் பேத்தியா நீங்க? எனக்குப் பெறந்தநாளு குடுத்ததே டீச்சர்தான்."

ஊரில் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒண்ணாம் வகுப்பு. தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது என்று வைத்து, சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு தேதி எழுத வேண்டும். மற்ற வாத்தியார்கள் எல்லாருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டுப் போவார்களாம். ஆச்சி தாயைக் கூப்பிட்டுக் கேட்பார். "கதிர் அறுப்பா, நாத்து நடவா? தேரோட்டத்துக்கு முன்னாலயா பின்னாலயா?" அதிலிருந்து ஒரு மாதத்தைக் கண்டுபிடிப்பார். "எனக்குச் சித்திரை, அம்மன் கொடைக்கு மூணா நாளு. அத ஏப்ரல்னு எழுதி வச்சாக. என் கூட உள்ளவன் பூராம் ஜூன். நான் மட்டும் ஏப்ரல்" என்று ஏப்ரலை அழுத்திச் சொன்னார்.

டீ பன்னிரண்டு ரூபாய். நீட்டினேன், வாங்கிக்கொண்டார். "டீச்சர் ஒரு கத்திரிக்காகூட சும்மா வாங்க மாட்டாக. அதனால நானும் வாங்கிக்கிடுதேன், தப்பா நினைக்காதீங்க." எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நோட்டைக் காட்டினேன். பத்தொன்பது கோட்டுப் பெயரைப் பார்த்ததும், "இவுக இருக்காகளே. கிணத்துத் தெரு" என்று பையனை அனுப்பினார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தப் பக்கத்து அம்மன் பெயர்தான், 'மு'வில் தொடங்கி 'தி'யில் முடியும், எண்ணி ஐந்தே எழுத்து. நெல்லைக்காரர்கள் இந்நேரம் சொல்லியிருப்பார்கள். வயது அறுபத்தெட்டு இருக்கும். திண்ணையில் மடியில் சொளவோடு உட்கார்ந்திருந்தார். நனைத்த இலை, கத்திரி, தூள், நூல்கண்டு. என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. யார் என்று சொன்னதும் நின்றது.

"வாங்க, உக்காருங்க. டீச்சர் மூக்கு."

அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நோட்டைத் திறந்து அவர் பெயரைக் காட்டினேன். விரலை எழுத்தின்மேல் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். பக்கத்தில் இருந்த கோடுகளை எண்ணினார். பிறகு '5 எ.'க்கு வந்ததும், இது என்ன எழுத்து என்று என்னைக் கேட்டார். ஐந்து, எ என்றேன்.

"அஞ்செழுத்து" என்றார் உடனே. "என் பேரு அஞ்செழுத்துல்லா. அவ்வளவுதான் எனக்குச் சொல்லித் தந்தாக."

நடந்ததை அவர் சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன். ஆறேழு வயதுப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மாவும் இவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். டீச்சர் சாயங்காலம் சாயங்காலம் வருவார், திண்ணையில் உட்காருவார், அம்மா தலை நிமிராமல் இலை வெட்டிக்கொண்டிருப்பாள். கடைசியாக ஒரு நாள் அம்மா சொல்லிவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது டீச்சர், இவள் எழுந்து போனால் கணக்கு குறையும் என்று. ஆச்சி கேட்டிருக்கிறார், "கணக்க நான் முடிச்சுத் தந்தா, இன்னைக்கு ஒரு ராத்திரி இவளை எங்கிட்ட விடுவியா?"

சிம்னி விளக்கு. ஆச்சி இன்னொரு சொளவைத் துடைத்து அதில் ஆற்று மணலைப் பரப்பி, பிள்ளையின் ஆட்காட்டி விரலைப் பிடித்து ஒரு எழுத்து எழுதுவார். "நூறு தடவை எழுது" என்று விட்டுவிட்டு, பிள்ளையின் சொளவைத் தன் மடியில் வாங்கிப் பீடி சுற்றுவார். நூறு முடிந்ததும் அடுத்த எழுத்து. அப்படி ஐந்து எழுத்து. "வெரல்ல தூள் கறை. மணல்ல எழுதும்போது அந்த மணலும் பீடி வாசம் அடிக்கும்" என்றார். இதைச் சொல்லும்போது விரலை மூக்கருகில் கொண்டுபோனார்.

மறுநாள் பீடிக்கடையில் ஆச்சி சுற்றிய பீடி அத்தனையும் கழித்துப் போட்டுவிட்டார்கள். முடிச்சு இறுகவில்லை, நூல் நழுவிற்று. கழிவுக்குக் கூலி கிடையாது, இலையும் தூளும் நஷ்டம். அம்மா கிணற்றடியில் நின்று அழுதிருக்கிறாள். தண்ணீர் எடுக்க வந்த யாரோ சொல்லி ஆச்சிக்குத் தெரிந்தது. அவர் வந்து அம்மா கையில் காசை வைத்துப் பொத்தினார். அதற்கப்புறம் அந்தப் படி ஏறவில்லை. பத்தொன்பதாவது கோடு அதுதான்.

"தெருவுல பார்த்தா தலையத் தடவுவாக. வீட்டுக்கு மட்டும் வர மாட்டாக. எங்கம்மா சாகுற வரைக்கும் சொன்னா, அந்தக் காச நான் வாங்கிருக்கக் கூடாதுன்னு."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே பேச்சை மாற்றினார். அந்த ஐந்து எழுத்தை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். 'மு' என்றால் முக்கூடல் பஸ். 'தி' என்றால் திருநெல்வேலி. "அதே எழுத்து மாதிரி இருந்து முன்னால கொம்பு நின்னா ஏற மாட்டேன், அது தென்காசி." நடுவில் 'மு'வும் 'தி'யும் வந்தால் அம்பாசமுத்திரம். தன் பெயரில் வரும் 'டா'வின் துணைக்காலைப் பார்த்துப் பாபநாசத்தைக் கண்டுபிடித்தாராம். "பேரு எழுதத் தெரிஞ்சதால கடையில பாஸ்புக்குல கையெழுத்துதான். கைநாட்டு வச்சதே இல்ல."

நான் கேட்டேன் என்று ஒரு பீடி சுற்றிக் காட்டினார். இலையில் தூளை வைத்து, ஒரு முனையிலிருந்து உருட்டி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டைவிரல் நகத்தால் அழுத்திச் சுண்டினார். அந்தச் சுண்டல் இல்லாவிட்டால் நூல் நிற்காது. "டீச்சருக்கு இந்த இடம்தான் வரல."

உருட்டுவது, நூலைச் சுற்றுவது, முடிவது, பிரிப்பது. சித்திக்குப் போன் போட்டேன். ஆச்சி முந்தியை எப்படிச் சுருட்டினார், விரல் எப்படிப் போயிற்று என்று கேட்டேன். சித்தி சொல்லச் சொல்ல நான் அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் சித்தி போனைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

ராத்திரி அந்த வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். தோலோடு உளுந்து போட்டு, தேங்காய்த் துருவலும் பூண்டும் சேர்த்து வடித்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் திண்ணை அதே திண்ணை.

ஜூலை 15, செவ்வாய். பள்ளிக்கூடம், திரும்பும் வழி

காமராஜர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள். வேண்டுமென்றே இன்றைக்கு வைத்துக்கொண்டேன். நான் போனபோது பிள்ளைகள் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், கிச்சடியும் சாம்பாரும். கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவு வந்தது போன வருஷம், 2024இல், இதே ஜூலை 15 அன்று. அதற்குப் பத்து நாளில் ஆச்சி போய்விட்டார். செய்தியைச் சித்தி பேப்பரில் படித்துச் சொன்னாராம், அது அவருக்கு எட்டியதா தெரியாது.

இருபத்து மூன்று பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். ஆச்சி காலத்தில் நூற்றுக்கும் மேல். ஒரு குட்டிப் பெண் காமராஜர் பற்றிப் பேசினாள், நடுவில் மறந்து, தொண்டையைச் செருமி, முதலிலிருந்து தொடங்கினாள். கைதட்டினோம். தலைமை ஆசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஜூன், ஜூன், ஜூன். 1956க்குப் பிறகு ஆச்சியின் சாய்ந்த கையெழுத்தில் தை வருகிறது, ஐப்பசி வருகிறது, ஆங்கில மாதமாகி. டீக்கடைக்காரரின் ஏப்ரலையும் பார்த்தேன். நோட்டைப் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிடலாமா என்று வரும்போது நினைத்திருந்தேன். கொடுக்க மனம் வரவில்லை. அம்மா பார்க்கட்டும் முதலில்.

பத்து மணிக்கு நிறுத்தத்துக்கு வந்தேன். அந்த அம்மாவும் கூட வந்தார், நெல்லையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். டிக்கெட் இல்லாததால் இப்போதெல்லாம் யாரையும் காசு கேட்காமல் போய்வர முடிகிறது என்றார். ஆனால் இந்த ஓடுகிற எழுத்துதான் கஷ்டம். பலகையில் எழுதியிருந்தபோது பஸ் தூரத்தில் வரும்போதே 'தி' தெரியும், இப்போது கண்ணுக்குள் நிற்கமாட்டேன் என்கிறது. கண் புரையும் சேர்ந்துகொண்டது.

காற்று புழுதியை வாரி அடித்தது. ஒரு பஸ் வந்து நின்றது. விளக்குப் பலகையில் எழுத்து பாதியில் ஓடிக்கொண்டிருந்தது, '...வேலி'. நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறுங்க. சுத்தி வரட்டும்."

கண்டக்டர் ஏறச் சொல்லி விசில் ஊதினார். எழுத்து முழுவதும் இடப்பக்கம் போய் மறைந்தது. பலகை ஒரு நொடி இருட்டாக இருந்தது. வலது ஓரத்திலிருந்து முதல் எழுத்து தலைகாட்டியது. அதற்கு முன்னால் கொம்பு இல்லை.

"தி" என்று சொல்லிவிட்டு அவர் படியில் கால் வைத்தார்.